கர்சிவ் கையெழுத்து: தனி எழுத்து வருகிறது, வார்த்தையில் சேர மாட்டேன் என்கிறது

புதுப்பேனா கேட்டது:

வணக்கம். நாலு கோடு நோட்டில் நான்கு வாரமாக ஆங்கில கர்சிவ் பழகுகிறேன். தினமும் அரை மணி நேரம். கடையில் கிடைக்கும் பயிற்சி நோட்டை வைத்து ஏ முதல் இசட் வரை வரிசையாக, நாளுக்கு ஓர் எழுத்து, ஒரு பக்கம். தனி எழுத்துகள் பார்க்கப் பரவாயில்லை. வார்த்தை என்று வந்தால்தான் சிக்கல்.

'பிரதர்', 'வொர்க்', 'ஓவர்', 'பெஸ்ட்' போன்ற வார்த்தைகளில் ஒரு எழுத்திலிருந்து அடுத்ததற்குக் கோடு எப்படிப் போக வேண்டும் என்றே பிடிபடவில்லை. கீழே இறங்கி ஏறினால் நடுவில் இன்னோர் எழுத்து நுழைந்த மாதிரி தெரிகிறது. இறங்காமல் போனால் ஆர், எஸ், இ மூன்றும் உருக்குலைகின்றன.

வரி தொடங்கும்போது எழுத்து நிமிர்ந்து நிற்கிறது, வரி முடிவதற்குள் படுத்துவிடுகிறது. பத்து நிமிடம் எழுதினால் கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. இப்போது பால்பாயின்ட் பேனா. மைப்பேனாவுக்கு மாறினால் தேறுமா? கேப்பிட்டல் எழுத்துகளை எப்போது தொடங்குவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாலுகோடு பதில்:

முதலில் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதினால் இரண்டு பி-யும் இரண்டு டி-யும் ஒன்றாகிவிடும். அதனால் பஸ்-பி, பென்-பி, டோர்-டி, டேபிள்-டி என்று எழுதுகிறேன். கோடுகளையும் நிறத்தாலேயே சொல்கிறேன். பெரும்பாலான நோட்டுகளில் வெளிக்கோடுகள் இரண்டும் சிவப்பு, உள்கோடுகள் இரண்டும் நீலம். மேலிருந்து மேல்சிவப்பு, மேல்நீலம், கீழ்நீலம், கீழ்சிவப்பு. எழுத்து உட்காரும் தரை கீழ்நீலம். இரண்டு நீலத்துக்கும் இடையே உள்ளது நடுப்பகுதி. உங்கள் நோட்டில் நிறம் மாறியிருந்தால் இடத்தை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

ஏ முதல் இசட் வரை வரிசையாகப் போனதுதான் கோளாறின் வேர். அகரவரிசைக்கும் கையின் அசைவுக்கும் சம்பந்தமில்லை. சின்ன ஏ பார்க்க எளிது. அதற்குள் வளைந்து ஏறுவது, வந்த வழியே பின்வாங்குவது, வட்டத்தை மூடுவது என்று மூன்று வேலை இருக்கிறது. முதல் நாளே அதை எடுப்பது, நீச்சல் பழக வந்தவரை நடு ஆற்றில் இறக்கிவிடுவது மாதிரி. ஒரே அசைவில் பிறக்கும் எழுத்துகளைக் கூட்டமாகப் பிடியுங்கள்.

முதல் கூட்டம்: ஐ, யு, டபிள்யூ, டேபிள்-டி. கீழ்நீலத்தில் தொடங்கி, கிண்ணத்தின் உட்பக்கம் போல் வளைந்து மேல்நீலம் வரை ஏறுங்கள். அங்கிருந்து சாய்வான நேர்கோடாக இறங்குங்கள். இறக்கத்தின் மேல்பாதி, ஏறிய கோட்டின் மேலேயே படிய வேண்டும். கீழ்நீலத்தைத் தொட்டதும் சின்னதாக வளைந்து, நடுப்பகுதியில் பாதி உயரம் வரை ஏறி நிறுத்துங்கள். அதுதான் ஐ. இன்னொரு முறை அதையே செய்தால் யு. புள்ளியும் டேபிள்-டியின் குறுக்குக்கோடும் வார்த்தை முழுதும் முடிந்த பிறகு. நடுவில் பேனாவைத் தூக்கிப் புள்ளி வைத்தால் ஓட்டம் அங்கேயே அறுந்துபோகும்.

இரண்டாம் கூட்டம்: இ, எல். இரண்டும் ஒரே கண்ணி, அதாவது ஏறி வளைந்து இறங்கும் வளையம், உயரம்தான் வேறு. எல் மேல்சிவப்பைத் தொடும், இ மேல்நீலத்தோடு நிற்கும். எல்-இ-எல்-இ என்று பேனா தூக்காமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள். எல்லின் கண்ணியில் ஏறும் கோடும் இறங்கும் கோடும் மேல்நீலத்தின் அருகே வெட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடக் கீழே வெட்டினால் எல் வயிறு பெருத்து நிற்கும். உச்சியில் வெட்டினால் குச்சியாகிவிடும். இதே கண்ணிதான் பஸ்-பி, ஹெச், கே, எஃப் நான்கிலும் வரும். ஆகவே இங்கே இரண்டு நாள் கூடுதலாகச் செலவழித்தாலும் வீணில்லை.

மூன்றாம் கூட்டம்: சி, ஏ, டோர்-டி, ஜி, க்யூ, ஓ. இதில்தான் பலரும் தடுக்குகிறார்கள். கீழிருந்து வரும் கோடு வளைந்து மேலே போய், கடிகாரத்தில் ஒரு மணி இருக்கும் இடத்தைத் தொட வேண்டும். அங்கிருந்து வந்த வழியே கொஞ்சம் பின்வாங்கி, இடப்பக்கமாகச் சுற்றி இறங்கி, கீழ்நீலத்தைத் தொட்டு ஏறி, அதே ஒரு மணிப் புள்ளியில் மூட வேண்டும். பின்வாங்காமல் நேராகச் சுற்றினால் வட்டத்துக்கு வாய் பிளந்து ஏ, யு ஆகிவிடும். வட்டத்தை மூடிய பிறகு இறங்கும் கோடு வட்டத்தை ஒட்டாமல் தள்ளி இறங்கினால் ஏ, 'சி-ஐ' ஆகிவிடும். டோர்-டி, 'சி-எல்' ஆகிவிடும். எழுதிய பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், திறந்த வாய்கள் உடனே கண்ணில் படும்.

ஜி-யும் க்யூவும் மேலே ஒன்றுதான், வால்தான் வேறு. ஜி-யின் வால் இடப்பக்கம் திரும்பிக் கண்ணியாகி, கீழ்நீலத்தில் வெட்டி வெளியேறும். க்யூவின் வால் வலப்பக்கம் திரும்பும். எஃப்பின் கீழ்க்கண்ணியும் வலப்பக்கம்தான்.

நான்காம் கூட்டம்: என், எம், வி, எக்ஸ், ஒய், இசட். குன்று ஏறி இறங்கும் அசைவு. கர்சிவ்வில் சின்ன என்னுக்கு இரண்டு குன்று, எம்முக்கு மூன்று. அச்சு எழுத்தில் ஒன்று, இரண்டு என்று பழகிய கண்ணுக்கு இது தப்பாகத் தெரியும். தப்பில்லை, முதல் குன்று நுழைவுக் கோடு. குன்றின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். கூராகிவிட்டால் 'என்' எழுத்து யு-வாகத் தெரியும். டாக்டர் சீட்டில் பாதிக் குழப்பம் இந்த இடத்தில்தான்.

ஆர், எஸ், பென்-பி, ஜே, ஹெச், கே எல்லாம் மேலே சொன்னவற்றின் கலவை. கடைசியில் எடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. சின்ன எழுத்துகளில் இருபத்திரண்டு தரையில், அதாவது கீழ்நீலத்திலிருந்து புறப்பட்டு வெளியேறுகின்றன. நான்கு மட்டும் மேல்நீலத்தில் வெளியேறுகின்றன: பஸ்-பி, ஓ, வி, டபிள்யூ. நீங்கள் சொன்ன நான்கு வார்த்தைகளையும் பாருங்கள், நான்கும் இந்த ஆட்களில் தொடங்குபவை. இவற்றிலிருந்து அடுத்த எழுத்துக்குப் போகும் கோடு தரைக்கு இறங்கவே கூடாது. துணி காயப்போடும் கொடிக்கயிறு எப்படி லேசாகத் தொய்ந்திருக்குமோ, அப்படி மேல்நீலத்தை ஒட்டித் தொய்ந்து போக வேண்டும்.

எவ்வளவு தொய்வு என்பது அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்தது. 'ஓவர்' வார்த்தையில் வி-க்குப் பின் இ வருகிறது. இ-க்குக் கண்ணி போட இடம் வேண்டும். அதனால் கயிறு நடுப்பகுதியின் பாதி வரை தொய்ந்து, அங்கிருந்து கண்ணியாக ஏற வேண்டும். தட்டையாகப் போனால் கண்ணி அடைபட்டுப் புள்ளியில்லாத ஐ ஆகிவிடும். 'பிரதர்' வார்த்தையில் பஸ்-பிக்குப் பின் ஆர். இங்கே தொய்வு மிகக் கொஞ்சம். கயிறு ஆரின் உச்சிக்கு நேராக ஏறி, சின்ன முடிச்சுப் போட்டு, வலப்பக்கம் தோள் போலச் சரிந்து, பிறகு இறங்க வேண்டும். அந்தத் தோள்தான் ஆருக்கு அடையாளம். அவசரத்தில் அதை விழுங்கினால் ஐ. ஓ-வுக்குப் பின் எஸ் வந்தால், எஸ்ஸின் ஏறுகோடு தரையிலிருந்து வராது, கயிற்றிலிருந்தே வரும். அதனால் எஸ்ஸின் வயிறு இறங்கி வந்து மூட அங்கே கோடே இருக்காது. இடப்பக்கம் கொஞ்சம் திறந்தே இருக்கும். அது பிழையில்லை, இழுத்து மூடப் பார்க்காதீர்கள். ஓ-வுக்குப் பின் என் வந்தால் கயிறே என்னின் முதல் குன்றாகிவிடும், தனியாக இன்னொரு குன்று வேண்டாம்.

பயிற்சிக்கு இந்த நான்கு எழுத்தையும் ஆர், எஸ், இ, என் நான்கோடும் மாற்றி மாற்றிச் சேருங்கள். பதினாறு ஜோடி வரும். எல்லா ஜோடியும் ஆங்கில வார்த்தைகளில் அடிக்கடி வருபவை அல்ல, ஆனால் கைக்கு நல்லது. ஜோடிக்கு அரை வரி, ஒரு நாளைக்கு நான்கு ஜோடி. ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்து எழுதும் வேலையை இன்றோடு விடுங்கள். மூன்றாம் வரிக்குப் பிறகு கண், அச்சிட்ட மாதிரியைப் பார்க்காது. மேலே தான் எழுதியதைப் பார்த்தே எழுதும். முதல் வரியின் பிழை பக்கம் முழுக்கப் பிள்ளைகுட்டி போட்டுவிடும்.

---

மைக்கூடு பதில்:

சேர்ப்புக் கோட்டை மேலே அழகாகச் சொல்லிவிட்டார். நான் சாய்வு, வலி, பேனா மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வரி முடிவில் எழுத்து படுப்பதற்குக் காரணம் விரல் இல்லை, முழங்கை. முழங்கையை மேஜையில் ஒரே இடத்தில் ஊன்றிவிட்டு எழுதினால், கை காம்பஸ் மாதிரி அதைச் சுற்றித்தான் நகரும். வலப்பக்கம் போகப் போக முன்கை திரும்பும். முன்கையோடு சேர்ந்து கீழிறங்கும் கோட்டின் திசையும் திரும்பும். இதற்கு வழி, கையை நகர்த்துவதற்குப் பதிலாகத் தாளை நகர்த்துவது. இடக்கை சும்மா நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நான்கைந்து சென்டிமீட்டர் எழுதியதும் தாளை அந்த அளவுக்கு இடப்பக்கம் இழுங்கள். கனத்த நோட்டு நகராது என்றால் தனித்தாளில் எழுதுங்கள், அல்லது முழங்கையைத் தூக்கி வலப்பக்கம் மாற்றி வையுங்கள்.

சாய்வு மணிக்கட்டை வளைத்து வருவதில்லை. தாளைச் சாய்த்து வைத்தால் தானாக வருகிறது. வலக்கைக்காரர் நோட்டின் மேல்பக்கத்தை இடப்புறம் சுமார் 30 டிகிரி சாய்க்க வேண்டும். பிறகு எல்லா இறங்குகோட்டையும் தன் நெஞ்சை நோக்கி நேராக இழுக்க வேண்டும், அவ்வளவுதான். தாளை நிமிர்த்திப் பார்த்தால் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கும். நோட்டை நேராக வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் சாய்க்க முயன்றால் மணிக்கட்டு வெளிப்பக்கம் மடங்கும். வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு சாய்வு? தரைக்கோட்டிலிருந்து 60 முதல் 70 டிகிரிக்குள் எதுவானாலும் சரி, ஆனால் பக்கம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் பாகைமானி வைத்து 65 டிகிரியில், சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சாய்கோடுகள் போட்டு, எழுதும் தாளுக்கு அடியில் வையுங்கள். நோட்டுத்தாள் மெலிதாக இருந்தால் கோடு தெரியும். எழுதி முடித்த வரியைச் சோதிக்க இன்னொரு வழி: ஒவ்வொரு எழுத்தின் இறங்குகோட்டின் மேலும் பென்சிலால் நீளக்கோடு போடுங்கள். கோடுகள் இணையாக நின்றால் சரி. ரயில் தடம்புரண்ட மாதிரி இருந்தால் எந்த எழுத்தில் திரும்பியது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். அநேகமாக எஸ்ஸும் டேபிள்-டியும்தான் மாட்டும்.

'மினிமம்' என்ற வார்த்தை இதற்கென்றே செய்தது போன்றது. கர்சிவ்வில் அதில் மொத்தம் 15 இறங்குகோடுகள்: எம்முக்கு மூன்று வீதம் ஒன்பது, என்னுக்கும் யு-வுக்கும் இரண்டிரண்டு, இரண்டு ஐ-க்கு இரண்டு. பதினைந்தும் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் வேலிக்கம்பி போல நிற்க வேண்டும். தினமும் பயிற்சிக்கு முன் ஒரு முறை, முடிவில் ஒரு முறை எழுதித் தேதி போட்டு வையுங்கள். முன்னேற்றம் இருக்கிறதா என்று வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வலிக்கு வருவோம். பால்பாயின்ட் பேனாவின் மை கெட்டி. உருண்டை சுழன்று மை வர அழுத்தம் வேண்டும், பேனாவும் கொஞ்சம் செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துக் கட்டைவிரல் நசுக்கிப் பிடிக்கிறது. ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு உள்பக்கம் குழிந்து, நகம் வெளுத்துப்போனால் பிடி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். தாளைத் திருப்பித் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு விரலில் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம்.

பேனா நடுவிரலின் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை விழாமல் காப்பவை, அவ்வளவே. முனையிலிருந்து 2.5 முதல் 3 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது பேனாவை மேலே இழுத்தால் சுலபமாக உருவிக்கொண்டு வர வேண்டும், அந்த அளவுதான் பிடி. மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கி, அவற்றின் நகப்பக்கம் தாளில் வழுக்கிக்கொண்டு போகட்டும்.

விரலால் மட்டும் எழுதுவது இன்னொரு கோளாறு. கர்சிவ் ஓடுவது முன்கையால். அமெரிக்காவில் ஆஸ்டின் நார்மன் பாமர் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிய முறையே இதுதான்: அலங்காரத்தைக் குறைத்து, முன்கைத் தசையை மேஜையில் வைத்து, அதன் மேலேயே கையை உருட்டி எழுதுவது. அலுவலகக் குமாஸ்தா நாள் முழுக்க எழுதினாலும் கை சோரக்கூடாது என்பது நோக்கம். அந்த முறையின் இரண்டு பயிற்சிகள் இன்றும் போதும். ஒன்று, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றும் சாய்ந்த நீள்வட்டம். சுற்றிக்கொண்டே வலப்பக்கம் நகர வேண்டும், கம்பிச்சுருள் மாதிரி வரும். இன்னொன்று, சாய்கோட்டில் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளுவது. இரண்டும் இரண்டிரண்டு வரி, ஒற்றைவரி நோட்டில் இரண்டு வரி உயரத்துக்கு. விரல் மூட்டு அசையக்கூடாது. முதல் வாரம் கோழி கிளறியது போல்தான் இருக்கும். உருவத்தைப் பார்க்காதீர்கள், வேகம் சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மைப்பேனா கேட்டீர்கள். மாறலாம், வலிக்கு நிச்சயம் உதவும். தாளின் மேல் வைத்தாலே மை வரும், அழுத்தவே வேண்டாம். ஆனால் கையெழுத்தை அது திருத்திவிடாது. ஃபைன் நிப் வாங்குங்கள். மீடியம் நிப்பில் இ, ஏ எழுத்துகளின் சின்னக் கண்கள் மையில் அடைந்துபோகும். பேனாவைத் தாளுக்கு 45 முதல் 55 டிகிரி சாய்வில் வைத்து, நிப்பின் மேல்பக்கம் எப்போதும் வானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். எழுதும்போது பேனாவை உருட்டினால் நிப்பின் ஒரு பல் மட்டும் தாளில் பட்டுக் கீறும், மை விட்டுவிட்டு வரும். அப்போது நிப்பைக் குறைசொல்லிப் பயனில்லை.

தாளும் முக்கியம். சாதாரணப் பள்ளி நோட்டுத் தாளில் மை ஊறிப் பின்பக்கம் தெரியும், கோடு சிறகு முளைத்த மாதிரி பரவும். தாளின் கனத்தைச் சொல்லும் அளவு ஜிஎஸ்எம், அது 80 அல்லது அதற்கு மேல் உள்ளதாக எடுங்கள். அது வேண்டாம் என்றால் 0.5 ஜெல் பேனா நல்ல சமரசம்: அழுத்தம் குறைவு, எந்த நோட்டிலும் ஓடும். இரண்டும் இல்லாவிட்டால் 2பி பென்சில். ஹெச்பி கொஞ்சம் கெட்டி, நம்மையறியாமல் அழுத்தவைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கர்சிவ் என்று தேடினால் தடித்தும் மெலிந்தும் ஓடும் அழகான எழுத்து வீடியோக்கள் வரிசைகட்டும். பெரும்பாலும் அது காப்பர்பிளேட் அல்லது ஸ்பென்சீரியன். விரியும் கூர்நிப்பில் எழுதும் அலங்காரக் கலை. ஸ்பென்சீரியனுக்குச் சாய்வு 52 டிகிரி, காப்பர்பிளேட்டுக்குச் சுமார் 55. தினசரிக் கையெழுத்துக்கு அந்தச் சாய்வு அதிகம், அந்த நிப்பும் ஆகாது. ஒரு மாதிரியைப் பிடித்துக்கொண்டு ஆறு வாரம் அதிலேயே இருங்கள். ஒருவர் எழுதும் ஆர், இன்னொருவர் எழுதும் எஃப் என்று பொறுக்கினால் கலவைச் சாதம்தான் மிஞ்சும்.

---

இடக்கை_வண்டி பதில்:

மேல சொன்னதெல்லாம் வலக்கைக்காரங்களுக்கு. இடக்கைக்காரங்க யாராவது இந்தத் திரியைப் படிச்சா அப்படியே செஞ்சு மாட்டிக்காதீங்க.

நமக்குத் தாள் எதிர்ப்பக்கம் சாயணும். மேல்பக்கம் வலப்புறமா 30-லேர்ந்து 40 டிகிரி. நோட்டை உடம்புக்கு நடுவுல வைக்காம இடப்பக்கமா தள்ளி வைங்க. கை எழுதற வரிக்குக் கீழயே இருக்கணும். மேல இருந்து கொக்கி மாதிரி வளைச்சு எழுதினா மணிக்கட்டும் போகும், எழுதின மையை உள்ளங்கை துடைச்சிட்டும் போகும். பேனாவை முனையிலேர்ந்து மூணரை, நாலு சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சாதான் எழுதறது கண்ணுக்கே தெரியும்.

வலக்கை பேனாவை இழுக்குது, நம்ம கை தள்ளுது. அதனால கூரான எக்ஸ்ட்ரா ஃபைன் நிப் தாளைக் குத்தும். உருண்ட முனை இருக்கற நிப், இல்லன்னா சீக்கிரம் காயற ஜெல் பேனா எடுங்க. டேபிள்-டி குறுக்குக்கோட்டை வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கமா இழுத்தா தப்பில்ல. எழுத்து நேரா நின்னாலும் சரி, லேசா இடப்பக்கம் சாஞ்சாலும் சரி, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா போதும். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை வலப்பக்கம் சாய்ச்சே ஆகணும்னு படுத்தறாங்களே, அது வேண்டாத வேலை.

பக்கத்துல வலக்கைக்காரர் உக்காந்தா நீங்க அவருக்கு இடப்பக்கம் உக்காருங்க. இல்லன்னா முழங்கையும் முழங்கையும் இடிச்சுக்கிட்டே இருக்கும்.

---

புதுப்பேனா எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 'மினிமம்' எழுதிப் பார்த்தேன், 15 கோட்டில் ஐந்து வெவ்வேறு திசை பார்க்கிறது! தாளைச் சாய்த்ததும் கொஞ்சம் அடங்கியது. கொடிக்கயிறு புரிந்துவிட்டது, 'ஓவர்' இப்போது ஓவராகவே தெரிகிறது.

மீதம் இரண்டு கேள்வி. கேப்பிட்டல் எழுத்துகளை அடுத்த எழுத்தோடு சேர்க்க வேண்டுமா? நாலு கோட்டை விட்டு ஒற்றைக் கோட்டுக்கு எப்போது மாறலாம்? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: இதைத் தொடங்கியதிலிருந்து என் தமிழ் எழுத்து கெடுவது போல் இருக்கிறது. பிரமையா?

---

நாலுகோடு பதில்:

கேப்பிட்டலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரு பக்க ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எத்தனை வரும்? வாக்கியத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. சின்ன எழுத்து தேறிய பிறகு இரண்டு வாரம் போதும்.

வலப்பக்கம் தரையில் வந்து முடியும் கேப்பிட்டல்கள் இயல்பாகச் சேரும்: ஏ, சி, இ, கே, எம், என், ஆர், யு போன்றவை. ஓ, வி, டபிள்யூ, எஃப், பென்-பி, டோர்-டி, டேபிள்-டி ஆகியவை வேறெங்கோ முடிவதால் சேர்க்க வேண்டாம். அடுத்த எழுத்தை ஒட்டித் தொடங்கினால் போதும். மாதிரிக்கு மாதிரி இது கொஞ்சம் மாறும், கையிலிருக்கும் நோட்டைப் பின்பற்றுங்கள். ஐ-யும் ஜே-யும் குழம்பும்: ஐ தரையிலேயே நிற்கும், ஜே தரைக்குக் கீழே கண்ணி போடும். பழைய பாணி க்யூ அச்சு அசலாக எண் 2 போல இருக்கும். படிவங்களில் அதை எழுதிவிட்டுத் தொல்லைப்படாதீர்கள். சொல்லப்போனால் கேப்பிட்டலை அச்சு எழுத்திலும் மீதியைக் கர்சிவ்விலும் எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. வேகமாக எழுதுபவர்கள் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒற்றைக் கோட்டுக்கு மாற ஒரு சோதனை. நாலு கோடு நோட்டில் ஒரு பத்தி எழுதுங்கள். நடுப்பகுதி எழுத்துகள் மேல்நீலத்தைத் தாண்டாமலும் அதற்கு எட்டாமல் நிற்காமலும் இருந்தால் மாறலாம். வரிக்கு வரி 8 மில்லிமீட்டர் உள்ள நோட்டில் நடுப்பகுதி உயரம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் மேல்வரி ஜி-யின் வாலும் கீழ்வரி எல்லின் தலையும் கட்டிப்புரளும். வால்களைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. முதல் வாரம் பென்சிலால் மேல்நீலத்தை மட்டும் லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றக் கோடுகள் தேவைப்படாது.

வேகத்தைத் தேடிப் போகாதீர்கள். பேனாவை வார்த்தைக்கு நடுவே தூக்கவே கூடாது என்றும் கட்டாயமில்லை. நீளமான வார்த்தையில் ஐந்தாறு எழுத்துக்கு ஒரு முறை தூக்கிக் கையை நகர்த்தி வைப்பது நல்லதுதான். தூக்கும் இடம் எழுத்துக்கு நடுவில் இல்லாமல், ஒரு எழுத்து முடிந்த இடமாக இருக்க வேண்டும்.

---

ஓலைநறுக்கு பதில்:

தமிழ் எழுத்து கெடுவது பிரமை இல்லை. கர்சிவ் பழக்கம் மூன்று இடத்தில் தமிழுக்குள் கசியும்.

முதலாவது புள்ளி. கர்சிவ்வில் ஐ-யின் புள்ளியை வார்த்தை முடிந்த பிறகு வைக்கக் கற்றுக்கொண்டீர்கள். அதே கை தமிழிலும் மெய்யெழுத்துப் புள்ளிகளை மொத்தமாகக் கடைசியில் வைக்கப் பார்க்கும். 'பக்கம்' என்று எழுதிவிட்டுத் திரும்பி வந்தால் முதல் புள்ளி எந்தக் க-வின் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. தமிழில் புள்ளி அந்தந்த எழுத்தோடு உடனே. ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளியே இல்லாமல் படித்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதைப் படிக்க அவர்களுக்குத் தனிப் பயிற்சி இருந்தது.

இரண்டாவது சுழி. சாய்த்து ஓட்டி எழுதும் கை, அடுத்தடுத்து வரும் சுழிகளில் ஒன்றை விழுங்கும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகிவிடும். 'கண்ணன்' என்று பத்து முறை எழுதி, ஒவ்வொன்றிலும் சுழியை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது சேர்ப்பு. இன்றைய தமிழ் எழுத்து தனித்தனியாக நிற்பது. துணைக்காலும் ர-வும் ஏற்கெனவே நெருங்கிய உருவம், அவற்றை அடுத்த எழுத்தோடு கோடு போட்டு இணைத்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். பழைய கையெழுத்துக் கணக்குகளிலும் பத்திரங்களிலும் கூட்டெழுத்து உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵ என்று சுருக்கக் குறிகளும் உண்டு. ணா, றா, னா மூன்றையும் துணைக்கால் இல்லாமல் ஒரே சுழிப்பில் எழுதினார்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு கொம்பு வளைந்திருக்கும். 1978-இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது இந்த ஒட்டு உருவங்கள் போய்த் தனித்தனி உறுப்புகள் வந்தன. பெரியவர்களின் கடிதத்தில் இன்னும் அந்தக் கொம்பைப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. தமிழ் எழுதும்போது நோட்டை நேராக்குங்கள், 10 டிகிரிக்கு மேல் சாய்க்க வேண்டாம். ஆங்கிலப் பயிற்சி முடிந்த கையோடு தமிழுக்குத் தாவாமல் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். முதல் இரண்டு வரி மட்டும் வேண்டுமென்றே மெதுவாக.

---

புதுப்பேனா எழுதியது:

நேற்றைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 'பக்கம்' ஐந்து இடத்தில் இருக்கிறது. மூன்றில் புள்ளி இரண்டாவது க-வின் மேல். 'கண்ணன்' இனிமேல்தான்.